ஏழு நாள், இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு முட்டி

முன்தினம், டோபியாக்கோ

நாளைக் காலை நடக்கத் தொடங்குகிறோம். இப்போது இரவு ஒன்பது மணி, ஜன்னலுக்கு வெளியே மழை தூறுகிறது. மச்சினன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

வழியின் பெயர் ஆல்டா வியா 1. இத்தாலிய மொழியில் உயர்வழி என்று பொருள். வடகிழக்கு இத்தாலியில் டோலமைட்ஸ் மலைகளுக்கு நடுவே, பிராயெஸ் ஏரியில் தொடங்கி தெற்கே பெல்லூனோ என்ற ஊர் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். முழுதாக நடக்கப் பத்துப் பதினோரு நாள் வேண்டும். எங்களுக்கு லீவு கிடைத்தது ஏழு நாள்தான் என்பதால், துரான் கணவாயோடு நிறுத்திக்கொள்வதாகத் திட்டம். கூடாரம் கிடையாது, அடுப்பும் கிடையாது. ஒவ்வொரு இரவும் மலைமேல் ஒரு ரிஃபூஜியோ. அதாவது மலைக்குடில். படுக்கையும் ராச்சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே. படுக்கைகளை பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டோம். அதில் ஒரு சங்கடமும் உண்டு. கால் வலிக்கிறதென்று பாதி வழியில் உட்கார முடியாது, இன்றைய படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் விழ வேண்டும்.

மச்சினன் மியூனிக்கில் இருக்கிறான். வயது 34. வாரக் கடைசி என்றால் ஏதாவது ஒரு மலையில் நிற்பான். எனக்கு 47, சென்னையில் எட்டாவது மாடியில் குடியிருப்பு. மூன்று மாதமாகத் தினமும் காலையில் பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு எட்டு மாடியும் ஏறுவேன். அப்புறம் லிஃப்டில் கீழே வந்து மறுபடி ஏறுவேன். ஐந்து தடவை. வாட்ச்மேன் ஒரு நாள், "சார், மேலே ஏதும் வேலை நடக்குதா?" என்று கேட்டார்.

பூட்ஸ் பற்றிக் கவலையில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் இமயமலைப் பயணத்துக்காக வாங்கியது. அந்தப் பயணம் நடக்கவில்லை. பூட்ஸ் மட்டும் அட்டைப்பெட்டியில், பரண்மேல், புத்தம்புதிதாக அப்படியே இருந்தது.

முதல் நாள், பிராயெஸ் ஏரி முதல் சென்னெஸ் வரை

கோடையில் பகல் நேரத்தில் முன்பதிவு இல்லாத கார்களை இந்தப் பள்ளத்தாக்குக்குள் விடுவதில்லை. எல்லோரும் வந்தால் தாங்காது. பஸ்ஸில் போய் இறங்கினோம். ஏரி பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், பின்னால் செங்குத்தாக ஒரு வெள்ளை மலை, கரையில் மரப் படகுகள். படகுக்கு முன்னால் நின்று படம் எடுக்க வரிசை. கரையிலிருக்கும் பழைய ஓட்டலுக்கு ஒரு கதை உண்டு. 1945 ஏப்ரல் கடைசியில், நாஜி எஸ்.எஸ். படை பிணையாக இழுத்துக்கொண்டு வந்த பல நாட்டு முக்கியக் கைதிகள் விடுவிக்கப்பட்டுத் தங்கியது இங்கேதான். வரிசையில் நின்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. நாங்களும் படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

ஏரியின் மறுகரையைத் தாண்டியதும் கூட்டம் அப்படியே கழன்றுவிட்டது. 1494 மீட்டரில் ஏரி, 2388 மீட்டரில் முதல் கணவாய். நடுவில் சரளைக்கல், குட்டையான பைன் புதர், ஓரிடத்தில் பாறையில் அடித்த இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய ஒரு சின்னப் பகுதி. எட்டு மாடிப் பயிற்சி வீண்போகவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் கால் நிற்கவில்லை. மச்சினன் திரும்பிப் பார்த்து, "பரவால்லயே அத்தான்" என்றான். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது உண்மை.

கணவாயில் நின்றால் கல்லின் வேலை தெரிகிறது. சுண்ணாம்புக்கல் மாதிரி இருக்கும், ஆனால் மக்னீசியம் கலந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெயோதா த தொலொமியு என்ற பிரெஞ்சு நிலவியலாளர் இதன் தனித்தன்மையை எழுதிவைக்க, கல்லுக்கு அவர் பெயர் வந்தது, பின்னால் மலைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் இதெல்லாம் வெப்பக் கடலின் அடித்தளம். இங்கே மழைத் தண்ணீர் மேலே நிற்காமல் கல் இடுக்கு வழியே உள்ளே போய்விடுகிறது. அதனால் எவ்வளவு மழை பெய்தாலும் உச்சியில் ஊற்று கிடைக்காது. தண்ணீர் பாட்டிலை நிரப்ப ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடக்கூடாது.

கீழே பியெல்லா குடிலில் சூப், அப்புறம் ஒரு மணி நேரம் மேய்ச்சல் நிலத்தில் மெல்ல இறங்கி சென்னெஸ். 2126 மீட்டர்.

குடில் ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி அதற்கான அறையில் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் ரப்பர் செருப்பில் உள்ளே போக வேண்டும். இது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு ஆள் முனகிக்கொண்டே கழற்றினார். படுக்கைக்குச் சொந்தத் துணிப்பை கொண்டுவர வேண்டும், போர்வை அவர்கள் தருவார்கள். பத்து மணிக்கு விளக்கணைப்பு. வெந்நீருக்கு டோக்கன், சில நிமிஷம்தான் வரும். நான் சோப்பு போட்டு நிற்கும்போது நின்றது.

ராத்திரிக்கு கனேதெர்லி. பழைய ரொட்டியைப் பிசைந்து கொழுக்கட்டை அளவுக்கு உருட்டி வேகவைத்தது. வழக்கமாக உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், கேட்டால் பசலைக்கீரையும் பாலாடைக்கட்டியும் போட்டதைத் தருகிறார்கள். மூன்று சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள், சென்னெஸ் முதல் ஃபானெஸ் வரை

இன்றைக்கு எழுத வேண்டியது பூட்ஸ் கதை மட்டும்தான்.

ஃபோதாரா வேத்லா தாண்டியதும் பாதை பெதெரூ என்ற இடத்துக்கு இறங்குகிறது. போர்க்காலத்தில் போட்ட பழைய ராணுவச் சாலை, கொண்டை ஊசி வளைவுகள், நானூறு மீட்டருக்கு மேல் ஒரேயடியாக இறக்கம். சரிவு அவ்வளவு என்பதால் ஜீப்புகூட உறுமிக்கொண்டுதான் ஏறுகிறது. மூன்றாவது வளைவில் இடது காலடியில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது. கல் சிக்கியிருக்கும் என்று உதறினேன். மறுபடி டப், டப்.

"அத்தான், நில்லுங்க. சோல் ஆடுது பாருங்க."

"என்னல சொல்லுத?"

குனிந்து பார்த்தேன். குதிகாலிலிருந்து பாதி தூரம் வரை அடித்தோல் பிளந்து, வெயிலில் இளைக்கும் நாயின் நாக்கு மாதிரி தொங்குகிறது. நடுவிலிருக்கும் பஞ்சு போன்ற பகுதியை விரலால் தொட்டேன். பொரிவிளங்கா உருண்டை உதிர்வதுபோல் கையோடு வந்தது. மேல் தோல், கண்ணிகள், கயிறு எல்லாம் கடையில் பார்த்த மாதிரியே பளபளக்கின்றன. கீழேதான் ஒன்றுமில்லை.

பிறகு மச்சினன் விளக்கினான். அந்த நடுப்பகுதி பாலியூரித்தேன். காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி, வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். போட்டு நடந்துகொண்டிருந்தால் மிதிபட்டு ஈரம் வெளியேறும், சேதம் தாமதமாகும். பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்தால் சீக்கிரம் போய்விடும். சென்னைப் பரணில் ஏழு மழைக்காலம். இதைவிடப் பத்திரமாக யாராலும் கெடுக்க முடியாது.

அவன் தன் ஊன்றுகோலில் ஒட்டுநாடாவைச் சுற்றி வைத்திருந்தான். நேற்று அதைக் கிண்டல் செய்தவன் நான். இன்று அதைப் பிய்த்துப் பிய்த்து என் காலுக்குக் கட்டு போட்டோம். பாக்கி வளைவுகளைப் பக்கவாட்டில், படி இறங்கும் குழந்தை மாதிரி இறங்கினேன். அப்போதுதான் முதல் தடவையாக வலது முட்டிக்குக் கீழே சுருக்கென்றது. பூட்ஸால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெதெரூவில் சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஊருக்குப் போய்ப் புதுசு வாங்கலாம், ஆனால் ஒரு நாள் போகும், ஒரு நாள் போனால் அடுத்தடுத்த ஐந்து படுக்கையும் போகும். "ஃபானெஸ் வரைக்கும் ஏத்தம்தான அத்தான், ஏத்தத்துல சோல் கழலாது" என்றான். அது சரிதான். பெதெரூவிலிருந்து ஐந்நூறு மீட்டர் ஏற்றம், கால் முன்பக்கமாகத்தான் ஊன்றியது. நாடா தாங்கியது.

குடில்காரர் பூட்ஸை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பின்கட்டுக்குக் கொண்டுபோனார், கூடவே போனேன். துளையிடும் மெஷினால் அடித்தோலின் ஓரமாக நான்கு ஓட்டை. கட்டட வேலையில் கம்பி கட்டுவார்களே, அதே கட்டுக்கம்பி. ஓட்டை வழியே விட்டு, மேலே பாதத்தின்மேல் கொண்டுவந்து, குறடால் இரண்டு முறுக்கு. நுனியை மடக்கி உள்பக்கம் தள்ளி, அதன்மேல் ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து நாடா சுற்றினார். பத்து நிமிஷம். காசு வாங்கவில்லை. வலது பூட்ஸையும் எடுத்து வளைத்துப் பார்த்தார், தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுக் கொடுத்தார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள், ஃபானெஸ் முதல் லகாத்ஸுவோய் வரை

காலையில் விசில் சத்தம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினால் மர்மோட். அணில் குடும்பம்தான், ஆனால் ஒரு நல்ல பூனை அளவு, கொழுகொழுவென்று. ஆபத்தைக் கண்டால் பின்கால்களில் எழுந்து நின்று விசிலடிக்கும். இங்கே லதீன் என்ற மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள், ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். லத்தீனிலிருந்து பிறந்த மொழி, இத்தாலியமும் அல்ல ஜெர்மனும் அல்ல. அவர்கள் பழங்கதையில் ஃபானெஸ் ஒரு ராஜ்ஜியம், அதன் கூட்டாளிகள் மர்மோட்கள். டொலஸில்லா என்ற இளவரசிக்குக் குறி தவறாத அம்புகள். அந்த ராஜ்ஜியம் கடைசியில் அழிந்து, மிஞ்சியவர்கள் மர்மோட்களோடு மலைக்கு அடியில் ஒளிந்திருக்கிறார்களாம். கதை கேட்டபின் விசில் வேறு மாதிரி ஒலித்தது.

லீமோ ஏரி, பிறகு நீண்ட சமதளப் புல்வெளி. பசுக்கள் பாதையை விட்டு நகரவில்லை, நாங்கள் நகர்ந்தோம். அப்புறம் ஏறி, 2486 மீட்டரில் ஃபோர்செல்லா தெல் லாகோ. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கதவு அகலத்துக்கு ஒரு பிளவு. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் முந்நூறு மீட்டர் கீழே ஒரு சின்னப் பச்சை ஏரி. அதுவரை போவது சரளை, மரக்கட்டை வைத்துத் தடுத்த குறுகலான வளைவுகள்.

இதைத்தான் யாரும் நமக்குச் சொல்வதில்லை. போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது "ஏற முடியுமா?" என்றுதான். ஏறுவது மூச்சுக் கணக்கு. நின்று வாங்கிக்கொள்ளலாம். இறங்கும்போது உடம்பு முழுவதும், கூடவே எட்டுக் கிலோ பையும், ஒவ்வொரு அடியிலும் முட்டியில் வந்து இறங்குகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டும், அதுதான் அதை அதிகமாகக் கிழிக்கும். மூன்று மாதம் எட்டு மாடி ஏறிய இந்தத் தொடை ஒரு மாடிகூட இறங்கிப் பழகவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு காலையும் நினைவுக்கு வந்தது. அதுவரை பூட்ஸைத் திட்டிக்கொண்டிருந்தவன் அதோடு நிறுத்தினேன்.

பாதி இறக்கத்தில் வலது பூட்ஸும் வாயைத் திறந்தது. கட்டுக்கம்பி கட்டிய இடதுகால் மட்டும் கல்லாக நின்றது.

ஏரிக்கரையிலிருந்து லகாத்ஸுவோய் உச்சிக்கு 570 மீட்டர் ஏற்றம். போர்க்கால மரக்கட்டைகள், துருப்பிடித்த முள்கம்பி, பாறையில் குடைந்த ஓட்டைகள் எல்லாம் வழியிலேயே. ஏற்றம் என்பதால் சந்தோஷமாக ஏறினேன் என்றால் நம்புவீர்களா?

2752 மீட்டரில் குடில். தென்மேற்கே மர்மொலாதா, 3343 மீட்டர், டோலமைட்ஸில் உயரமானது, முதுகில் அழுக்குத்துணி மாதிரி கொஞ்சம் பனியாறு. சூரியன் விழும்போது எதிரே தொஃபானாவின் சுவர் முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் ரோஜா. இதற்கு லதீன் மொழியில் என்ரோஸதீரா என்று பெயர், ரோஜாவாவது என்று பொருள். மேல்தளத்தில் நாற்பது பேர் ஜாக்கெட்டோடு நின்றோம், யாரும் பேசவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் பசிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தான்.

நான்காம் நாள், சுரங்கம், கடை, நுவொலாவு

முதல் உலகப் போரில் இந்த உச்சி ஆஸ்திரியர்கள் கையில். கீழே சுவரின் நடுவில் ஒரு மெல்லிய திண்ணை, இத்தாலியர்கள் கையில். 1915 அக்டோபரில் அதைப் பிடித்தார்கள், மார்த்தினி என்ற மேஜரின் பெயர் அதற்கு. மேலேயிருப்பவர்களைக் கீழே தள்ள முடியவில்லை, கீழேயிருப்பவர்களை மேலிருந்து விரட்ட முடியவில்லை. அதனால் இரு பக்கமும் மலையைக் குடைந்து, எதிராளிக்கு அடியிலோ மேலேயோ வெடிமருந்தைத் திணித்தார்கள். இத்தாலியர்கள் 1917 ஜூன் 20 அன்று வெடித்தது ஏறத்தாழ 33 டன். மலையின் ஒரு முனையே சரிந்து கீழே வந்தது. இத்தனைக்குப் பிறகும் எல்லைக்கோடு நகரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் எங்கோ கிழக்கே கபொரேத்தோவில் இத்தாலியப் படை தோற்க, இங்கே இருந்தவர்கள் சும்மா மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்த இத்தாலியச் சுரங்கம் வழியாகத்தான் கணவாய்க்கு இறங்கினோம். தலைக்கவசம், நெற்றி விளக்கு. உள்ளே ஈரம், செங்குத்தான படிகள், கைப்பிடிக்கு இரும்பு வடம். அங்கங்கே துப்பாக்கி வைக்கும் ஓட்டை. எட்டிப் பார்த்தால் வெயிலில் கார்கள் போகும் சாலை, அவ்வளவு பக்கத்தில். ஓரிடத்தில் மரக்கட்டில் போட்ட ஒரு சின்ன அறை. இரண்டு குளிர்காலம் இங்கே படுத்திருக்கிறார்கள். என் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் உளி பதிந்த தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது, சாய்வாக, விரல் நீளத்துக்கு. அதில் கை வைத்துப் பார்த்தேன். முட்டி வலியைப் பற்றிப் புலம்ப அங்கே வாய் வரவில்லை, வெளியே வந்ததும் வந்துவிட்டது.

ஃபல்ஸாரெகோ கணவாய், 2105 மீட்டர். அங்கிருந்து பஸ்ஸில் கொர்த்தினா. 1956இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், 2026இல் மிலானோடு சேர்ந்து மறுபடி நடத்திய ஊர். கடைத்தெருவில் ஒரு கைப்பையின் விலையைப் பார்த்துவிட்டு நேராக மலைப்பொருள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், கட்டுக்கம்பியைப் பார்த்தார், உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் முறுக்கை ஆராய்ந்தார்கள். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அவர்கள் குடில்காரரின் கைவேலையைத்தான் மெச்சினார்கள். புது பூட்ஸ் 210 யூரோ. கணக்குப் போடாதீங்க அத்தான் என்றான் மச்சினன். போட்டேன்.

மலையில் புது பூட்ஸ் என்றால் கொப்புளம் நிச்சயம். அதற்குமேல் நேரமும் போய்விட்டது. ஆகவே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சின்க்வே தொர்ரி என்ற ஐந்து கோபுரப் பாறைகள் வரை நாற்காலி லிஃப்டில் போனோம். சுத்தமாக நடக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். கோபுரங்களில் ஒன்று 2004இல் தானாகவே சரிந்து விழுந்துவிட்டது. பிறகு நடந்து நுவொலாவு, 2575 மீட்டர். 1883இல் திறந்த குடில், டோலமைட்ஸில் மிகப் பழையது என்கிறார்கள். பாறை முனையில் புறாக்கூண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. குளியல் கிடையாது. ராத்திரி இடி. மின்னல் வெட்டும்போதெல்லாம் நான்கு பக்கமும் மலைகள் எழுந்து நின்று மறைந்தன. மேல் கட்டிலில் மச்சினன் விழித்திருந்தான்.

"பயமா இருக்கா மாப்ள?"

"இல்ல அத்தான். ஒண்ணுக்கு வருது, வெளிய போகப் பயமா இருக்கு."

ஐந்தாம் நாள், நுவொலாவு முதல் சித்தா தி ஃபியூமே வரை

நடை சுலபம், வானம் கழுவிவிட்ட மாதிரி. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஜாவ் கணவாயில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம், தாண்டினால் மோந்தெவால் புல்வெளி. அங்கே வழியோரம் ஒரு பெரிய பாறை சாய்ந்து கிடக்கிறது, அடியில் ஆள் ஒதுங்கும் அளவுக்கு நிழல். 1987இல் அந்தப் பாறையடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள். ஏறத்தாழ 7500 வருஷத்துக்கு முன் வாழ்ந்த வேட்டைக்காரன், நாற்பது வயதிருக்கும். கல்லாலும் எலும்பாலும் கொம்பாலும் செய்த கருவிகளைக் கூடவே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இப்போது பக்கத்து ஊரான செல்வா தி கதோரேயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறான். 2150 மீட்டர் உயரத்துக்குக் கோடையில் மான் கூட்டத்தின் பின்னால் ஏறி வந்திருப்பார்கள். அந்த நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். வடக்குக் காற்று படாத இடம், எதிரே புல்வெளி முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. நானாக இருந்தாலும் இங்கேதான் ஒதுங்கியிருப்பேன்.

அம்பிரிட்ஸோலா கணவாயைத் தாண்டினால் பெல்மோ. 3168 மீட்டர். நடுவில் பெரிய குழிவு, இரு பக்கமும் கைப்பிடி. ஊர்க்காரர்கள் இதைக் கடவுளின் நாற்காலி என்கிறார்கள். 1857இல் ஜான் பால் என்ற அயர்லாந்துக்காரர் ஏறினார், டோலமைட்ஸின் பெரிய சிகரங்களில் மலையேற்றம் தொடங்கியது அதோடுதான். நாற்காலியின் அடியிலிருக்கும் குடிலில் இன்று பொலெந்தா. மக்காச்சோள மாவைக் கிண்டிய களி, மேலே உருகிய பாலாடைக்கட்டி. களி என்றால் எனக்கு ஆதரவாகப் பேச ஆள் தேவையில்லை.

ஆறாம் நாள், சித்தா தி ஃபியூமே முதல் திஸ்ஸி வரை

முட்டிக்குக் கட்டு போட்டிருக்கிறேன். மச்சினன் தன் ஊன்றுகோல்களையும் தந்துவிட்டான். இறக்கத்தில் கோலை நீளமாக்கி முன்னால் ஊன்றி, கைக்குப் பாதி எடையைக் கொடுத்தபின் அடி வைக்க வேண்டும். குட்டையான அடி, மடங்கிய முட்டி. ஆறாம் நாள் கற்றுக்கொண்டேன், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றால், "சொன்னேன் அத்தான்" என்கிறான்.

ஸ்தௌலான்ஸா கணவாய், காடு, அப்புறம் பழைய கழுதைப் பாதையில் கொல்தாய் குடில். அதற்குமேல் ஒரு சின்ன ஏரி, ஐந்தாறு பேர் குளிக்க இறங்கிக் கூச்சலோடு ஏறினார்கள். ஏரியைத் தாண்டிய வளைவில் சிவெத்தா வந்தது.

வடமேற்குச் சுவர். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், கிலோமீட்டர் கணக்கில் அகலம், ஆர்கன் இசைக்கருவியின் குழாய்களை வரிசையாக நிறுத்தியதுபோல் பாறைத் தூண்கள். காமிராவில் அடங்கவில்லை, நான்கு தடவை முயன்று பையில் போட்டேன். 1925இல் ஸோல்லெதர், லெத்தன்பாவர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதன் நடுவே நேராக ஏறினார்கள். அன்றைய அளவுகோலில் ஆறாம் படி என்ற கடினத்துக்கு அடையாளமாக அந்த வழியைத்தான் நெடுங்காலம் சொன்னார்கள். சுவரின் கீழ்ப்பகுதி நிழலில் நடந்தோம். மேலே எங்கோ ஒரு கல் விழுந்து, மோதி, மறுபடி மோதி, சத்தம் முடிய வெகு நேரம் ஆனது. கல் எங்கே விழுந்தது என்று கடைசிவரை கண்ணுக்குத் தெரியவில்லை.

திஸ்ஸி, 2250 மீட்டர். குடிலுக்குப் பின்னாலிருக்கும் சிலுவையடிக்குப் போனால் தரை முடிந்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் நேர் கீழே அல்லேகே ஏரி, பச்சைத் துண்டுக் கண்ணாடி. அது பழைய ஏரி அல்ல. 1771 ஜனவரியில் எதிர்மலை சரிந்து ஆற்றை அடைக்க, கிராமங்கள் புதைந்து ஏரி உண்டானது. கீழே விளக்குகள் எரிய ஆரம்பித்தன, கோயில் மணிச் சத்தம் மேலே வரை வந்தது.

ஏழாம் நாள், திஸ்ஸி முதல் துரான் வரை

முதலில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம், வத்ஸோலெர் குடிலுக்கு. குடிலுக்கு மேலே தொர்ரே வெனெத்ஸியா என்ற ஒற்றைக் கோபுரம், அதில் இரண்டு புள்ளிகள் நகர்ந்தன, மனிதர்கள். அங்கிருந்தே பள்ளத்தாக்குக்கு இறங்கி முடித்துவிடலாம் என்று மச்சினன் மெதுவாகச் சொன்னான். எவ்வளவு இறக்கம் என்று கேட்டேன். ஆயிரம் மீட்டர் என்றான். துரானுக்கு? ஏறி, இறங்கி, ஏறி, நான்கைந்து மணி நேரம். ஏற்றம் கலந்ததையே தேர்ந்தெடுத்தேன்.

மொயாத்ஸா மலையின் அடிச் சரளையைக் குறுக்கே கடப்பது முடியவே இல்லை. கால் வைத்தால் அரையடி சரிகிறது. பேச்சு நின்றுவிட்டது. கரெஸ்தியாத்தோ குடிலில் காப்பி குடித்துவிட்டு, அகலமான பாதையில் கடைசி முக்கால் மணி நேரம். துரான் கணவாய், 1601 மீட்டர். மாலை ஆறரை. சாலை, இரண்டு குடில், ஒரு தண்ணீர்த் தொட்டி. பூட்ஸைக் கழற்றி இரண்டு காலையும் தொட்டிக்கு வெளியே வழியும் தண்ணீரில் வைத்தேன். மச்சினன் பெல்லூனோ இன்னும் அந்தப் பக்கம் மூன்று நாள் என்று கையைக் காட்டினான். பார்க்கவே இல்லை.

மறுநாள், பெல்லூனோ

குடிலில் சொல்லி வரவழைத்த டாக்ஸியில் அகோர்தோ, அங்கிருந்து பஸ். பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஊரில் நடப்பது மிதப்பது மாதிரி இருக்கிறது.

ஓட்டல் பழைய கட்டடம். அறை மூன்றாவது மாடியில். வரவேற்பிலிருந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் கிடையாது, மன்னிக்க வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி விறுவிறுவென்று ஏறினேன். மூச்சுகூட வாங்கவில்லை.

ராத்திரி சாப்பிட இறங்க வேண்டும். மச்சினன் ஒரு மாடி கீழே போய்விட்டான். நான் மேல்படியில் நின்று கைப்பிடியைப் பார்த்தேன், படிகளை எண்ணினேன். அப்புறம் திரும்பி, சுவரைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பாட்டி கையில் பையோடு ஏறி வந்தார். ஒதுங்கி வழிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆல்டா வியா?" என்றார்.

"சீ, சிஞோரா" என்றேன், திரும்பாமலே. கீழேயிருந்து மச்சினன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.